ஒரு வீட்டுக்கு மட்டும் போகாத கீரை

சேகரா,

கல்யாணப் பத்திரிகைக் கட்டு நேற்று மத்தியானம் பொன்னேரி பஸ்ஸில் வந்து சேர்ந்தது. அச்சு நன்றாக இருக்கிறது, பிள்ளையார்தான் கொஞ்சம் இளைத்துப் போயிருக்கிறார். மஞ்சளைக் குழைத்து வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றின் மூலையிலும் தடவி, எது யார் வீட்டுக்கு என்று பிரித்துக்கொண்டிருந்தபோது நீ போன் செய்தாய். "ஊர்ல எல்லாருக்கும் வைம்மா. பக்கத்து வூட்டுக்கு மட்டும் வேணாம். அந்தம்மா நம்ம வாசப்படிய மிதிக்கக் கூடாது" என்றாய். நான் "அலோ, அலோ, சிக்னல் இல்லடா" என்று சொல்லி வைத்துவிட்டேன். சிக்னல் நன்றாகத்தான் இருந்தது. கல்யாணத்துக்கு நிற்கிற பிள்ளையிடம் பொய் சொல்லிப் போனை வைக்கிற அளவுக்கு எனக்கு என்ன வந்தது என்று சொல்லத்தான் இந்தக் கடிதம்.

போனிலேயே சொல்லலாம். ஆனால் நான் ஆரம்பித்தால் நீ "சரிம்மா, சரிம்மா" என்று பாதியில் வெட்டுவாய். எனக்குக் கோபம் வரும். சொல்ல வந்ததை விட்டுவிட்டு வேறு எதற்காவது உன்னைத் திட்டிவிட்டு வைத்துவிடுவேன். என் வாய் உனக்குத் தெரியாததா? எழுதினால் கொஞ்சம் அடங்கியிருக்கிறது. பரணில் கிடந்த உன் ஐ.டி.ஐ. நோட்டில் பின்பக்கம் நிறைய காலியாக இருந்தது, அதில்தான் எழுதுகிறேன். முன்பக்கம் முழுக்க மோட்டார் படம். நடுவில் நாலு பக்கம் மட்டும் தோட்டம்: எந்தப் பாத்திக்கு என்ன போட்டாய், எத்தனை நாள் விட்டாய், எப்போது மண்ணைப் புரட்டினாய் என்று பொடி எழுத்தில் எழுதி வைத்திருக்கிறாய். அதை இரண்டு தடவை படித்துவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். நீ இதை வேலைக்கு நடுவில், செடி நர்சரியில் நின்றபடி படிக்காதே. சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்து படி. முழுவதும் படித்த பிறகு போன் பண்ணு. நடுவில் பண்ணினால் எடுக்க மாட்டேன்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். நம் வீட்டில் யாரும் யாருக்கும் வாய் திறந்து நன்றி சொன்னதில்லை. மனசு நிறைந்தால் தட்டில் ஒரு மீன் துண்டு கூட வைப்போம், அவ்வளவுதான். இந்தத் தடவை எழுதியே சொல்கிறேன். ஆஸ்பத்திரியில் எனக்கு ரத்தம் கம்மி என்று சொன்ன வருஷம் உனக்கு ஞாபகம் இருக்கும். மீன் கூடையைத் தலைக்குத் தூக்கினால் கண் இருட்டும். ஒரு நாள் திருப்பாலைவனம் பஸ் நிறுத்தத்தில் கூடையோடு அப்படியே சரிந்து உட்கார்ந்துவிட்டேன். டாக்டரம்மா "தெனமும் கீரை சாப்பிடுங்க" என்று சுலபமாகச் சொல்லிவிட்டாள். ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் ஏரி; நம் ஊரில் இறால் கேட்டால் கிடைக்கும், நண்டு கேட்டால் கிடைக்கும், கீரைக்கு எங்கே போவது? பஸ்ஸில்தான் வரவேண்டும். வந்து சேரும்போதே வதங்கி, கருத்து, கொதிக்கிற உலையில் போடுவதற்கு முன்பே வெந்த மாதிரி இருக்கும். அப்போது நீதான் "வூட்டாண்டயே போட்டுக்கலாம்மா" என்றாய். நான் சிரித்தேன். "மணல்ல கீரையாடா? கெணறு தோண்டுனாலே உப்புத்தண்ணி வர்ற ஊருடா இது" என்றேன்.

சிரித்ததோடு நிற்கவும் இல்லை. வீட்டுக்குப் பின்னால் இருந்த அந்த இடம் நான் கருவாடு காயவைக்கிற இடம். அதை விட்டுத்தர எனக்கு மனசே இல்லை. பார்க்கிறவர்களிடம் எல்லாம் "எம்புள்ள வெவசாயம் பண்ணப் போறாராம், படகுல கால வைக்க மாட்டாராம்" என்று சொல்லிச் சிரித்தேன். அது எதற்காக இப்போது என்று கேட்காதே. பின்னால் வரும்.

உன் முதல் விதை எல்லாம் இரண்டு இலை விட்டுக் கருகிப்போனது. நீ அழவில்லை, என்னைப்போல வானத்தைப் பார்த்துத் திட்டவும் இல்லை. திருப்பாலைவனத்துக்குப் போய் ஒரு விவசாயியிடம் கேட்டுவிட்டு வந்தாய். "செடிய அப்புறம் வைக்கலாம், மொதல்ல மண்ணு பண்ணணுமாம்மா" என்றாய். மண்ணைப் பண்ணுவதா! வலை பண்ணுவார்கள், படகு பண்ணுவார்கள், மண்ணை யாராவது பண்ணுவார்களா என்று கேட்டேன். நீ முழங்கால் ஆழத்துக்குத் தோண்டி, அடியிலிருந்து உப்பு ஏறாமல் இருக்கத் தேங்காய் மட்டையை நெருக்கமாக அடுக்கினாய். அதன்மேல் கடற்கரைச் சவுக்குத் தோப்பிலிருந்து வாரிக்கொண்டு வந்த சருகு. அதன்மேல் ஆட்டுப் புழுக்கை. சாணத்தை மூட்டை கட்டி பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு வந்து, கண்டக்டர் உன்னைப் பின்படியில் நிற்கவைத்ததை இன்னும் சொல்லிச் சிரிக்கிறார்கள். என் அடுப்புச் சாம்பலை ஒரு பிடிகூட வெளியே கொட்ட விடவில்லை. ஊரில் உரித்துப் போட்ட இறால் தலை, மீன் குடல், செதில் எல்லாம் நடுவில் ஒரு அடுக்கு, அதன்மேல் மணல் மூடி, நாய் தோண்டாமல் இருக்கக் கருவேல முள். பிறகு ஒன்றும் செய்யாமல் ஐப்பசி மழைக்காகக் காத்திருந்தாய். "மழதாம்மா உப்ப கீழ எறக்கும், நம்மளால ஆகாது" என்றாய்.

மழை நின்ற பிறகு ஒரு பிடி மண்ணை அள்ளிக்கொண்டு வந்து என் மூக்குக்கு நேரே நீட்டினாய். அத்தனை மீன் குடல் போட்ட மண்ணில் மீன் வாடையே இல்லை. கறுப்பாக, ஈரமாக, பிடித்தால் பிடிபட்டது, விட்டால் உதிர்ந்தது. திருப்பாலைவனத்திலிருந்து தேங்காய்த் தொட்டியில் மண்புழு கொண்டுவந்து அதில் விட்டாய். "தூண்டிலுக்கு மாட்டவாடா?" என்று உன் நைனா கேட்டார். நம்ம ஊர் ஆள் புழுவைப் பார்த்தால் வேறு என்ன கேட்பார்?

தை பிறந்தபோது அரைக்கீரை வந்தது. கத்திரி, வெண்டை, இரண்டு முருங்கைக் கன்று. நான் வெட்கம் கெட்டு இரண்டு மாசம் அந்தக் கீரையைத் தின்றேன். கண் இருட்டுவது குறைந்தது. அப்போதும் உன்னைப் பாராட்டி ஒரு வார்த்தை சொல்லவில்லை. "உப்பு கம்மியா கீது" என்று குறைதான் சொன்னேன். அந்த வார்த்தையை இப்போது நினைத்தால் நாக்கைக் கடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

இனி நாகம்மாக்கா. படகில் உன் நைனாவுக்குக் கூட்டாளியாக இருக்கிறவரின் பெண்டாட்டி, ஓலை வேலிக்கு அந்தப் பக்கம் இருக்கிறவள், நீ பேச ஆரம்பித்த நாளிலிருந்து 'பெரிம்மா' என்று கூப்பிட்டவள். இப்போது உனக்கு அவள் 'அந்தம்மா'. நீ மீன் குடலையும் வெல்லத்தையும் சரிக்குச் சரி டிரம்மில் போட்டு, மூடி கட்டி, செடிக்கு ஊற்ற மீன் அமிலம் பண்ண ஆரம்பித்தாயே, அந்த டிரம்மை அவள் வேலியை ஒட்டித்தான் வைத்தாய். முதல் தடவை மூடியைத் திறந்த அன்று தெருவே மூக்கைப் பிடித்துக்கொண்டது. நாகம்மாக்கா வேலிக்கு மேலே தலையை நீட்டி, "ஏரிக்கரையில பொறந்தவளுக்கே கொமட்டுதுடி! இந்தக் கலீஜ இன்னிக்கு இல்லன்னா நாளிக்கு நானே கவுத்து வுடுறேன் பாரு!" என்று கத்தினாள். எல்லோரும் கேட்டார்கள். பங்குனியில் நம் தோட்டம் செத்தபோது எல்லோருக்கும் அந்தச் சத்தம்தான் ஞாபகம் வந்தது.

சேகரா, தோட்டத்தைக் கொன்றது அவள் இல்லை. நான்.

நோட்டைக் கீழே போடாதே. படி.

பரீட்சைக்கு என்று நீ அம்பத்தூரில் பத்து நாள் தங்கினாய். போகும்போது என்னிடம் "மீன் கழுவுன தண்ணிய ஊத்தும்மா. ஒரு சொம்புக்குப் பத்து சொம்பு நல்ல தண்ணி சேத்து ஊத்து" என்று மூன்று தடவை சொன்னாய். இந்த நோட்டிலும் எழுதி வைத்திருக்கிறாய். முதல் நாள் அப்படித்தான் ஊற்றினேன். இரண்டாம் நாளிலிருந்து நெத்திலி குவிந்தது. ஊறப்போடவும் காயவைக்கவும் எனக்குக் கை போதவில்லை. குழாயில் நல்ல தண்ணீர் பிடிக்க வரிசையில் நிற்க நேரமில்லை. வீட்டு ஓரத்தில் கருவாட்டுக்கு மீனை உப்பில் ஊறப்போடுகிற தொட்டி இருக்கிறதே, மீனை எடுத்த பிறகு அதில் அரை முழத்துக்குத் தண்ணீர் நிற்கும். பழுப்பாக, செதிலும் ரத்தமும் கலந்து. எப்போதும் அதை ஏரிக்கரையில் கொண்டுபோய்க் கொட்டிவிடுவேன். அன்று பார்த்துக்கொண்டே நின்றேன். வெறுமனே மீன் கழுவின தண்ணீரிலேயே இவ்வளவு சத்து என்றால், இரண்டு நாள் மீன் ஊறின தண்ணீரில் எவ்வளவு சத்து இருக்கும்! பிள்ளை வரும்போது செடியெல்லாம் இடுப்பளவு நிற்கட்டும் என்று நினைத்தேன். குடம் குடமாக மொண்டு ஊற்றினேன், பாத்திக்கு ஒரு குடம். நல்ல தண்ணீர் ஒரு சொட்டும் சேர்க்கவில்லை.

அது உப்புத் தண்ணீர் என்பது எப்படி ஒருத்திக்குத் தோன்றாமல் போகும் என்று நீ கேட்பாய். நானும் ஏழு வருஷமாக என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அந்தத் தொட்டியில் கை விட்டுக்கொண்டிருக்கிறேன். என் கைக்கு அது மீன் தண்ணீர்தான், உப்பு என்பதே மறந்துவிட்டது. ஐந்தாம் நாள் இலை ஓரம் கருகியது. சத்து பத்தவில்லையோ என்று மறுநாள் இரண்டு குடம் சேர்த்து ஊற்றினேன். புருசன் பெண்டாட்டி விஷயத்திலும் இதைப் பார்த்திருக்கிறேன் சேகரா. ஒருத்தர் வாடி நிற்கும்போது, என்ன ஆயிற்று என்று கேட்காமல், நாம் ஊற்றிக்கொண்டிருப்பதையே இன்னும் அதிகமாக ஊற்றுகிறோம், அன்பு என்று நினைத்துக்கொண்டு. உன் பெண்டாட்டி வாடினால் முதலில் கையை நிறுத்திவிட்டு அவளைக் கேள்.

நீ வந்து இறங்கியபோது எல்லாம் சுருண்டு கிடந்தது. பாத்தி மேலே வெள்ளையாகப் பூத்திருந்தது. நீ நகத்தால் சுரண்டி நாக்கில் வைத்துப் பார்த்தாய். "உப்பும்மா. யாரோ உப்பக் கொட்டிக்கீறாங்க" என்றாய். அந்த நொடியில்தான் எனக்குத் தெரிந்தது. வாயைத் திறந்தேன், அதற்குள் நீ வேலிப் பக்கம் திரும்பிவிட்டாய். உன் மூஞ்சியை அப்படி நான் பார்த்ததே இல்லை. திறந்த வாயை மூடிக்கொண்டேன்.

பயம்தான். உன் அடிக்குப் பயமில்லை, நீ கை ஓங்குகிற பிள்ளை இல்லை. நான் தெரியாமல் செய்தேன் என்று யார் நம்புவார்கள்? ஊர் முழுக்க உன்னைக் கேலி பண்ணியவள் நான். அந்த இடம் எனக்குத் திரும்ப வேண்டும் என்று தினமும் புலம்பியவள் நான். பெற்றவளே வேண்டுமென்று கொன்றாள் என்று நீ ஒரு தடவை நினைத்துவிட்டால் அதை எந்த மழையும் இறக்காது என்று தோன்றியது. நாளைக்குச் சொல்லலாம் என்றிருந்தேன். மறுநாளே நீ ஊர்க் கூட்டத்தில் சொல்லிவிட்டாய்.

எல்லையம்மன் கோயிலில் நடந்ததை நீ பார்த்தாய். நான் பார்த்ததையும் கேள். வாசலில் கற்பூரத்தை ஏற்றி வைத்துவிட்டு, பஞ்சாயத்தார் "நாகம்மா, நீ கொட்டலன்னா கற்பூரத்த அணச்சி சத்தியம் பண்ணு. அவ பண்ணிட்டா அடுத்தது சுத்திக் கீற வூட்டுக்காரங்க, கடைசியா அந்த வூட்டு ஆளுங்களும் பண்ணணும். உப்பு தானா நடந்து வராது" என்றார்கள். நாகம்மாக்கா இரண்டு அடி முன்னால் வந்தாள். கையைக்கூட நீட்டிவிட்டாள். அப்புறம் என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் புடவை முந்தானையை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டு நின்றேன். அவள் நீட்டின கையை மடக்கிக்கொண்டாள். "நான் அணைக்க மாட்டேன். இன்னா வேணா நெனச்சிக்கோங்க" என்று சொல்லிவிட்டுக் கோயிலை விட்டு இறங்கிப் போய்விட்டாள். ஊர் "ஓஹோ" என்றது. கற்பூரம் தானாக எரிந்து அணைந்தது. அதற்கு மேல் யாரையும் கூப்பிடவில்லை, என்னையும்.

அன்றிலிருந்து அவள் பெயர் 'உப்பு நாகம்மா'. குழாயடியில் அவள் வந்தால் பெண்கள் குடத்தைக் கொஞ்சம் நகர்த்தி வைத்தார்கள். இரண்டு வீட்டுக்கும் பேச்சு நின்றது. படகைப் பாதியாக அறுக்க முடியாதே, அதனால் உன் நைனாவும் அவள் வீட்டுக்காரரும் தண்ணீர்மேல் பேசிக்கொண்டார்கள். கரையில் கால் வைத்ததும் இரண்டு பேரும் ஊமை. பார்க்கச் சிரிப்பாக இருக்கும். நான் சிரிக்கவில்லை.

நீ என்ன செய்தாய்? என்னுடைய நன்றியில் பெரிய பங்கு இதற்குத்தான். அந்த இடத்தைத் திரும்ப என் கருவாட்டுக்கு விட்டுவிடுவாய் என்று நினைத்தேன். நீ மேல் மண்ணை ஒரு சாண் ஆழத்துக்குச் சுரண்டி, தலைச்சுமையாக ஏரிக்கரைக்குக் கொண்டுபோய்ப் போட்டாய். வரப்பு கட்டி நல்ல தண்ணீரை நிறுத்தி, இறங்கவிட்டு, மறுபடி நிறுத்தினாய். திருப்பாலைவனத்துப் பக்கம் ஏரி தூர் எடுத்தபோது கேட்டு வாங்கி வண்டல் கொண்டுவந்தாய். உப்பைத் தாங்கும் என்று தக்கைப்பூண்டு விதைத்து, பூ எடுக்கும்போது மடக்கி மிதித்து மண்ணுக்குள்ளேயே புதைத்தாய். "வெதச்சத சாப்புடாம பொதைக்கிறியேடா" என்றேன். "இது மண்ணுக்குச் சோறும்மா" என்றாய். இரண்டு மழைக்காலம் போயிற்று. ஒவ்வொரு மழைக்குப் பிறகும் மண்ணை நாக்கில் வைத்துப் பார்ப்பாய். மூன்றாம் வருஷம் ஒரு நாள் துப்பாமல் சிரித்தாய். அந்தச் சிரிப்பைப் பார்த்துவிட்டு உள்ளே போய் முந்தானையில் மூஞ்சியைப் பொத்திக்கொண்டு அழுதேன். புகை என்று உன்னிடம் சொன்னேன்.

அந்த மண்ணில் வந்த கீரைதான் என்னை நிமிர்த்தியது. இப்போது கூடையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏற ஓடுகிறேன், பார்க்கிறாய். நர்சரியில் வேலை கேட்டுப் போனபோது முதலாளி "கடக்கரைப் பையனுக்கு மண்ணப் பத்தி இன்னா தெரியும்?" என்று கேட்டாராம், நீ "உப்புல செத்த மண்ண உயிராக்கத் தெரியும் சார்" என்றாயாம். எனக்குப் பெருமை தாங்கவில்லை. உன் வேலையும், அங்கே நீ பார்த்துப் பிடித்துப்போன பெண்ணும், இந்தக் கல்யாணமும் எல்லாம் அந்த ஒரு துண்டு மண்ணிலிருந்துதான் வந்தது என்று ஊரில் எல்லோரிடமும் சொல்கிறேன். என் தப்பிலிருந்து வந்தது என்பதை மட்டும் விட்டுவிட்டுச் சொல்கிறேன்.

வாரம் தவறாமல் நீ தெருவுக்கெல்லாம் கீரைக்கட்டு கொடுத்தாய். நீ வேலைக்குப் போன பிறகு நான் கொடுக்கிறேன். உரித்த இறால் தலையை எல்லா வீட்டுக்காரிகளும் பக்கெட்டில் நமக்காக எடுத்து வைக்கிறார்கள், நாம் கீரை கொடுக்கிறோம். ஒரு வீட்டுக்கு மட்டும் போகாது. எனக்கு எத்தனையோ தடவை கை துறுதுறுத்தது. கொடுத்தால் ஏன் கொடுத்தாய் என்று நீ கேட்பாய், உண்மையைச் சொல்லவேண்டி வரும். அதனால் ஒவ்வொரு வாரமும் அவள் வாசலைத் தாண்டி அடுத்த வாசலுக்குப் போனேன். அவள் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

நேற்று உன் போனை வைத்த பிறகு மஞ்சள் கையோடு அப்படியே உட்கார்ந்திருந்தேன். வாசப்படியை மிதிக்கக் கூடாதாம். மிதிக்கக் கூடாதவள் யார் என்று என் பிள்ளைக்குத் தெரியாது. சாயங்காலம் எழுந்து வேலியைச் சுற்றிக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனேன். வாசலில் உட்கார்ந்து இறால் உரித்துக்கொண்டிருந்தாள். ஏழு வருஷம் கழித்து வருகிறேன், "வா" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு உரித்துக்கொண்டே இருந்தாள். உட்கார எனக்குத் தைரியமில்லை. நின்றபடியே சொன்னேன், "நாகம்மாக்கா, அந்த உப்பு நான் ஊத்துனது."

"தெரியும்டி" என்றாள், தலையை நிமிர்த்தாமல். "நான்தான் சொன்னனே, ஊத்தாத ஊத்தாதன்னு."

மேலே எழுதும்போது இதை வேண்டுமென்றே விட்டுவிட்டேன் சேகரா. எழுதக் கை வரவில்லை. மூன்றாம் நாளோ நாலாம் நாளோ, நான் ஊற்றிக்கொண்டிருந்தபோது வேலிக்கு மேலிருந்து "ஏய், அது தொட்டித் தண்ணி தான? செடிக்கு ஆவாதுடி" என்றாள். டிரம் நாற்றத்துக்காகச் சண்டை போட்டவள் நம் செடி நன்றாக வரக்கூடாது என்று சொல்கிறாள் என்று நினைத்துக்கொண்டு, "உன் வேலயப் பாத்துக்கினு போ" என்று கத்தினேன். அவள் சொன்ன அன்றே நிறுத்தியிருந்தால் பாதி செடியாவது பிழைத்திருக்கும்.

"அப்புறம் ஏன்க்கா கற்பூரத்த அணைக்கல? ஏன் அந்தக் கெட்ட பேர வாங்கிக்கின?" என்று கேட்டேன். அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தாள். "நான் அணைச்சிருந்தா அடுத்தது அடுத்ததுன்னு உன்னாண்ட வந்திருக்கும். பையன் எதிர்ல நிக்கிறான். நீ உண்மையச் சொல்லியிருப்பியா? சாமி மேல பொய் சத்தியம் பண்ணியிருப்ப. அன்னிக்கி நம்ம ஊட்டு ஆம்பளைங்க எங்க இருந்தாங்க? ஏரி மொகத்துவாரத்த தாண்டி கடல்ல. கரையில பொம்பள பொய் சத்தியம் பண்ணா தண்ணிமேல கீறவனுக்கு இன்னா ஆவும்? அந்தப் படகுல உன் ஊட்டுக்காரரு மட்டுமா கீறாரு? என் ஆளும் தான கீறாரு!" என்றாள். அப்புறம் சிரித்தாள். "உனக்காக ஒண்ணும் இல்லடி. என் தாலிக்காக."

நான் அங்கேயே மணலில் உட்கார்ந்து அழுதுவிட்டேன். தாலிக்காக என்று சிரித்துச் சொன்னாலும், பயம் விட்ட பிறகு ஒரு நாள் அவள் ஊரில் சொல்லியிருக்கலாம். குழாயடியில் குடத்தை நகர்த்தியபோது சொல்லியிருக்கலாம். உன் வேலை கிடைத்ததை நான் பீற்றிக்கொண்டு திரிந்தபோது ஒரு வார்த்தையில் என்னை உட்காரவைத்திருக்கலாம். சொல்லவே இல்லை. "பையன் கல்யாணத்துக்கு வருவியாக்கா?" என்றேன். "பையன் வந்து கூப்ட்டா வரேன்" என்றாள். உரித்த இறாலை அலசிக்கொண்டே, என்னைப் பார்க்காமல், "உங்க ஊட்டுக் கீர எப்டிடி இருக்கும்? வாயில போட்டா கரையுதுன்னு எல்லாரும் சொல்றாளுங்க. நான் வேலிக்கு இந்தாண்ட நின்னு பாத்ததோட சரி" என்றாள்.

உடனே ஓடிப்போய் ஒரு கட்டு பறித்துக்கொண்டு வந்திருப்பேன். எழுந்தும் விட்டேன். அப்புறம் அது என் கையால் போகக் கூடாது என்று தோன்றி, வெறுங்கையோடு வீட்டுக்கு வந்தேன். உன் நைனாவிடமும் சொன்னேன். அவர் கூடையிலிருந்து நல்ல நண்டாக நாலைப் பொறுக்கிக்கொண்டு, வாசல் வழியாகவே அவர்கள் வீட்டுக்குப் போனார். இரண்டு ஆண்களும் கரையில், அவர்கள் வாசலிலேயே உட்கார்ந்து பேசுகிற சத்தம் எனக்கு வீட்டுக்குள் கேட்டது.

வெள்ளிக்கிழமை எல்லையம்மன் கோயிலுக்குப் போகிறேன். பஞ்சாயத்தாருக்குச் சொல்லி அனுப்பிவிட்டேன். எல்லோர் எதிரிலும் கற்பூரத்தைக் கையால் அணைத்து, உப்பு ஊற்றியது நான் என்று சொல்லப்போகிறேன். "ஊருக்கு எதுக்குடி, கல்யாணம் முடியட்டும்" என்கிறாள் நாகம்மாக்கா. இந்த ஒன்றில் நான் அவள் பேச்சைக் கேட்பதாக இல்லை. ஒரு தடவை கேட்காமல் கெட்டேன், இந்தத் தடவை கேட்காமல் உருப்படுவேன். ஊருக்குத் தெரிவதற்கு முன்னால் உனக்கு என் கையால் தெரியவேண்டும் என்றுதான் இன்றைக்கே எழுதி முடித்து, நாளைக்குக் காலை பஸ்ஸில் கொடுத்து அனுப்புகிறேன்.

உனக்குக் கோபம் வரும். வரட்டும். இரண்டு வருஷம் நீ சுமந்த மண்ணுக்கும் வண்டலுக்கும் நான் பதில் சொல்லவேண்டும். மணையில் உட்காரும்போது என் காலில் விழ உனக்கு மனசு வராமல் போகலாம். ஆனாலும் நீ என்னோடு பேசுகிறாயா இல்லையா என்பதை அப்புறம் வைத்துக்கொள். நான் கேட்பது ஒன்றே ஒன்று.

அவள் பத்திரிகைக்கு மஞ்சள் தடவித் தனியாக எடுத்து வைத்திருக்கிறேன். தோட்டத்து முருங்கையில், உன் கைக்கு எட்டுகிற கிளையில், ஒரு பையில் போட்டு மாட்டியிருக்கும். நீ ஊருக்கு வருகிற அன்று பஸ்ஸை விட்டு இறங்கியதும் வீட்டுக்குள் வராதே. நேராகப் பின்னால் போ. அரைக்கீரை இந்த வாரம் நல்ல பதத்தில் இருக்கிறது, கிழக்குப் பாத்தியில் ஒரு கட்டு பறி. தாராளமாகப் பறி. பத்திரிகையையும் எடுத்துக்கொண்டு வேலியைச் சுற்றிப் போய், அவள் வாசலில் நின்று 'பெரிம்மா' என்று கூப்பிடு. நான் எட்டிப் பார்க்க மாட்டேன், சத்தியம். அடுப்படியில் உனக்குச் சோறு வடித்துக்கொண்டிருப்பேன். அங்கே முடித்துவிட்டு வந்து என்னை எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு.

அவளுக்கு இப்போது முட்டி வலி, எழுந்து வர நேரமாகும். ஒரு தடவை கூப்பிட்டுவிட்டுத் திரும்பிவிடாதே, நின்று இன்னொரு தடவை கூப்பிடு. கையில் கீரை வாடுகிறதே என்று அவசரப்படாதே. நீ பண்ணின மண்ணில் வந்த கீரை, அவ்வளவு சீக்கிரம் வாடாது.

அம்மா